டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போகலையா? கிழக்குக் கடற்கரைக்குக் கிளம்புங்கள்!

டிசம்பர் பிறந்துவிட்டால் அமீரகத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான். "இந்த லீவுக்கு ஊருக்குப் போறீங்களா?" பள்ளிக்கூடங்களுக்கு மூன்று, நான்கு வாரம் விடுமுறை. பிள்ளைகள் வீட்டில். ஆனால் அதே வாரங்களில்தான் சென்னைக்கும் திருச்சிக்கும் மதுரைக்கும் விமான டிக்கெட் விலை உச்சத்தில் நிற்கிறது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, லேப்டாப்பை மூடிவைக்கும் அப்பாக்கள் ஏராளம். ஆண்டு விடுப்பை ஜூலை, ஆகஸ்டில் ஊருக்குப் போய்த் தீர்த்தாகிவிட்டது. டிசம்பரில் மிஞ்சுவது 2, 3 தேதிகளில் வரும் தேசிய தின விடுமுறையும், ஜனவரி 1-ஆம் தேதியும், வார இறுதிகளும்தான்.

அப்புறம் என்ன நடக்கும்? மால்தான். ஒரு மால் போரடித்தால் இன்னொரு மால். ஃபுட் கோர்ட்டில் நூறு, இருநூறு திர்ஹம் செலவு. பிள்ளை கையில் ஒரு பொம்மை, அப்பா கையில் ஒரு ரசீது. விடுமுறை முடிந்தது.

இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. மே முதல் செப்டம்பர் வரை 45 டிகிரி வெயிலில் மாலைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. ஆனால் நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை இந்த நாடு வேறு நாடு. பகலில் 25 டிகிரி சுமாருக்கு இதமான வெயில், ராத்திரி லேசான குளிர். வெளியில் நடக்க முடிகிற அந்த நான்கு மாதத்தையும் ஏசிக்குள்ளேயே கழிப்பதா என்பதுதான் கேள்வி. நம்மிடம் வண்டி இருக்கிறது, நல்ல ரோடு இருக்கிறது. ஒன்றரை மணிநேரத் தூரத்தில் ஒரு கடலும் ஒரு மலையும் இருக்கின்றன.

சூரியன் உதிக்கும் கடல்

துபாயிலும் ஷார்ஜாவிலும் அஜ்மானிலும் கடற்கரைக்குப் போனால் சூரியன் கடலில் மறைவதைத்தான் பார்க்கலாம். மெரினாவிலும் நாகப்பட்டினத்திலும் ராமேஸ்வரத்திலும் கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது கொஞ்சம் தலைகீழ்தான். ஆனால் ஹஜர் மலையைத் தாண்டிக் கிழக்கே போய்விட்டால் ஓமான் வளைகுடா வந்துவிடும். அங்கே நம் ஊர்போலச் சூரியன் கடலிலிருந்து எழும். இன்னொரு வசதியும் உண்டு. டிசம்பர் கடைசியில் அங்கே விடிவது காலை ஏழு மணி சுமாருக்குத்தான். பிள்ளைகளை நாலரை மணிக்கு எழுப்பி அழவைக்க வேண்டாம்.

அங்கே போவதற்கு இன்று பல வழிகள். அதில் குடும்பத்துக்கு ஏற்றது ஷார்ஜா - கோர்பக்கான் சாலை. 2019 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 89 கிலோமீட்டர். மலையைக் குடைந்து ஐந்து சுரங்கப்பாதைகள். அதில் சித்ரா என்ற சுரங்கம் மட்டுமே 2.7 கிலோமீட்டர். பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு சுரங்கத்தையும் எண்ணிக்கொண்டு வந்தாலே பாதிப் பயணம் சத்தமில்லாமல் முடிந்துவிடும். நடுவில் அல் ரஃபீஸா அணை. அங்கே நிறுத்தி, வீட்டிலிருந்து கட்டிவந்த புளியோதரையைப் பிரிக்கலாம்.

அந்த மலைகளைப் பார்த்தால், "என்னடா இது, ஒரு பச்சை இல்லை, எல்லாம் கருகிப்போன மாதிரி இருக்கு" என்றுதான் ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களிடமும் பிள்ளைகளிடமும் ஒரு விஷயம் சொல்லுங்கள். அந்தக் கறுப்பும் பழுப்புமான பாறைகளில் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடலின் அடித்தளம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தட்டுகள் மோதியபோது கடலடிப் பாறை அப்படியே நிலத்தின் மேல் ஏறிக்கொண்டது. உலகத்திலேயே இவ்வளவு பெரிதாக, இவ்வளவு தெளிவாகக் கடலடியைக் காலால் மிதித்துப் பார்க்க முடிகிற இடங்கள் மிகக் குறைவு. புவியியல் படிக்கிறவர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கும் பாறைகளை நாம் நூற்றி இருபதில் கடந்துபோகிறோம்.

கோர்பக்கான் ஃபுஜைராவுக்கு நடுவில் இருந்தாலும் ஷார்ஜாவைச் சேர்ந்தது. வளைந்த கடற்கரை, பக்கத்திலேயே துறைமுகம், நடைபாதை, பிள்ளைகள் விளையாட இடம். 1507-இல் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகர்க்கி இந்த ஊரைத் தாக்கி எரித்தார். அதே ஆள்தான் மூன்று வருஷம் கழித்து, 1510-இல், கோவாவைப் பிடித்தார். வரலாற்றுப் புத்தகத்தில் மனப்பாடம் செய்த பெயர் கண்ணெதிரே ஒரு கடற்கரையில் வந்து நிற்கும்போது பிள்ளைகளுக்கு அது மறக்காது.

இரண்டு நாள், ஒரு ராத்திரி

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஊரில் வேன் பிடித்தால் ஒரே நாளில் ஒன்பது கோயில் பார்க்கவேண்டும். அதே மாதிரி இங்கேயும் காலை ஜெபல் ஜைஸ், மதியம் ஹத்தா, சாயங்காலம் ஃபுஜைரா, ராத்திரி வீடு என்று பிளான் போடுகிறார்கள். எல்லா இடத்திலும் ஒரு செல்ஃபி இருக்கும். எங்கேயும் கால் நனைத்திருக்க மாட்டார்கள். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு அப்பா ஆபீஸில் தூங்கி விழுவார்.

அதைவிட ஒரு கடற்கரையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு ராத்திரி தங்குங்கள். 2022 முதல் அரசு வார இறுதி சனி, ஞாயிறு. வெள்ளி பாதி நாள். ஷார்ஜாவில் வெள்ளியும் சேர்த்து மூன்று நாள். தனியார் கம்பெனிகளில் இது இடத்துக்கு இடம் மாறும். உங்களுக்கு எந்த இரண்டு நாள் கிடைக்கிறதோ அதற்கு இப்படி ஒரு வழி:

முதல் நாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பி, கோர்பக்கான் சாலையில் அணையில் சற்று நின்று, பதினோரு மணிக்குள் கடற்கரை. மதியம் சாப்பாடு. மூன்று மணிக்கு வடக்கே கடலோரச் சாலையில் பித்யா. அங்கே உள்ள சின்ன மண் பள்ளிவாசல் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அமீரகத்தில் இன்றும் நிற்கும் மிகப் பழைய பள்ளிவாசல் இதுதான். நான்கு சிறு கும்மட்டங்களையும் நடுவில் ஒரே ஒரு தூண் தாங்குகிறது. இன்றும் தொழுகை நடக்கும் இடம் என்பதால் உடையிலும் பேச்சிலும் அடக்கம் வேண்டும். அதையும் தாண்டினால் அல் அகா. கரையிலிருந்து நீந்திப் போகிற தூரத்தில் ஒரு பாறைத் தீவு, சுற்றிலும் மீன்கள். ராத்திரி அங்கேயோ திப்பாவிலோ தங்கல். திப்பா ஒரு வேடிக்கையான ஊர். ஒரே விரிகுடா, மூன்று பங்கு. ஒன்று ஃபுஜைராவுக்கு, ஒன்று ஷார்ஜாவுக்கு, மூன்றாவது ஓமானுக்கு.

இரண்டாம் நாள் சூரியோதயம் பார்த்துவிட்டு, தெற்கே ஃபுஜைரா கோட்டை, பிறகு கல்பா அலையாத்திக் காடு. பிச்சாவரம் பார்த்தவர்களுக்குக் கல்பா சின்னதுதான். ஆனால் பாலைவன நாட்டில் உப்புத் தண்ணீரில் மரம் நிற்பதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் தனி. நேரமிருந்தால் வரும் வழியில் மசாஃபி வெள்ளிச் சந்தை. பெயர்தான் வெள்ளி, வாரம் முழுக்க நடக்கும். பழம், செடி, பானை, கம்பளம். அங்கே விலை பேசத் தெரியவேண்டும். அதை அம்மாக்களிடம் விட்டுவிடலாம்.

செலவு? போகவர, சுற்றிப்பார்க்க 400 கிலோமீட்டர் என்று வையுங்கள். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 34 லிட்டர். லிட்டர் மூன்று திர்ஹம் என்று தாராளமாகப் போட்டாலும் நூறு திர்ஹம் சுமார். சாலிக் கேட்டுக்குக் கொஞ்சம். பெரிய செலவு தங்குமிடம்தான். கடலைப் பார்த்த ஓட்டல்கள் டிசம்பர் கடைசி வாரத்தில் கையைச் சுடும். ஆகவே கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தை விட்டுவிட்டு டிசம்பர் நடுவிலோ ஜனவரியிலோ போங்கள். ஊருக்குள் இருக்கும் சாதாரண ஓட்டல் அபார்ட்மெண்டில் அடுப்பும் இருக்கும், பாதி விலையும் இருக்கும். இரண்டு குடும்பம் சேர்ந்து போனால் இன்னும் குறையும்.

திராட்சை விளையும் மலை

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குளிர்கால விடுமுறைக்குக் கடலோரமாக வண்டியோட்டி, அப்படியே திராட்சைத் தோட்டங்கள் பக்கம் போய், வைன் ருசித்துவிட்டு வருவது ஒரு வழக்கம். வளைகுடாவில் அதற்கு இடமேது என்று கேட்பீர்கள். வைன் கிடையாது. திராட்சைத் தோட்டம் உண்டு. ஓமானில், ஜெபல் அக்தர் மலையில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,000 மீட்டரில்.

மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்கள். மாதுளை, திராட்சை, அக்ரூட், ரோஜா. அந்த ரோஜாவில் பன்னீர் காய்ச்சுகிறார்கள். 1835-36 குளிர்காலத்தில் இந்த மலைக்குப் போன வெல்ஸ்டெட் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி, இங்கிருந்தவர்கள் தங்கள் திராட்சையில் வைன் தயாரித்துக் குடித்ததாகவே எழுதிவைத்திருக்கிறார். இப்போது அதெல்லாம் இல்லை. ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: டிசம்பரில் போனால் பூவும் இருக்காது, பழமும் இருக்காது. ரோஜா மார்ச் கடைசி முதல் மே வரை, மாதுளை ஆகஸ்டுக்கு மேல். குளிர்காலத்தில் கிடைப்பது குளிர் மட்டும்தான். ராத்திரி பூஜ்யத்தைத் தொடும் குளிர். ஊட்டி, கொடைக்கானலை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு அதுவே போதும். ஸ்வெட்டர் கண்டிப்பாக வேண்டும்.

நமக்கு அங்கே பார்க்கவேண்டியது இன்னொன்று இருக்கிறது. தண்ணீர்ப் பங்கீடு. மலையில் ஊற்றுநீரையும் நிலத்தடி நீரையும் வாய்க்காலாகக் கொண்டுவந்து, தோட்டத்துக்கு இவ்வளவு நேரம் என்று முறைவைத்துப் பிரிக்கும் பழைய ஏற்பாட்டுக்கு ஃபலஜ் என்று பெயர். ஓமானில் இப்படி ஐந்து வாய்க்கால்களை யுனெஸ்கோ 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. மலையடிவாரத்து பிர்கத் அல் மவுஸ் ஊரிலும், நிஸ்வாவிலும் அவற்றில் இரண்டைப் பார்க்கலாம். ஏரிப் பாசனத்தில் முறைவைத்துத் தண்ணீர் விட்ட நம் ஊர் தாத்தாக்களை அங்கே கூட்டிப்போனால், "அட, இது நம்ம மடை மாதிரில்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு அரைமணிநேரம் அங்கேயே நிற்பார்கள்.

இந்தக் கரைக்கும் நமக்கும் உள்ள உறவு நேற்று எண்ணெயோடு வந்ததல்ல. ஓமானின் தெற்கே, சலாலாவுக்குப் பக்கத்தில் கோர் ரோரி என்ற பழைய துறைமுகத்தில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்திருக்கிறது. அதில் இருப்பது ஒரு தமிழனின் பெயர். நந்தை கீரன் என்று படிக்கிறார்கள். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சாம்பிராணி வியாபாரம் நடந்த துறையில் நம் ஆள் ஒருவர் தன் பெயரை எழுதிய பானையோடு இருந்திருக்கிறார். சலாலா இந்தப் பயணத்துக்கு ரொம்பத் தூரம், குளிர்கால வார இறுதியில் முடியாது. ஆனால் ஓமான் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை இல்லை.

ஓமானுக்குப் போவதென்றால் வேலை கொஞ்சம் கூடும். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. கிளம்பும் முன் ஓமான் காவல்துறையின் இ-விசா தளத்தில் பார்த்துவிடுங்கள். எமிரேட்ஸ் ஐடி போதாது, எல்லோருக்கும் பாஸ்போர்ட் வேண்டும். வண்டி இன்ஷூரன்ஸ் ஓமானுக்குச் செல்லுமா என்று கேட்டு, அதற்கான தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முல்கியா அவசியம். வண்டி கம்பெனியுடையதோ வாடகையோ என்றால் உரிமையாளரின் அனுமதிக் கடிதம் வேண்டும். ஜெபல் அக்தர் மலைப்பாதையில் அடிவாரத்திலேயே போலீஸ் சோதனைச் சாவடி உண்டு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் மேலே விடமாட்டார்கள். "நம்ம கார்ல மெதுவா ஏறிடலாம் மச்சான்" என்பதெல்லாம் அங்கே நடக்காது.

மிக முக்கியமான ஒன்று. ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்திருக்கும் அப்பா, அம்மாவையோ மாமனார், மாமியாரையோ ஓமானுக்குக் கூட்டிப்போக ஆசைப்பட்டால், அவர்களுடைய விசா ஒருமுறை நுழைவுக்கானதா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் எல்லையைத் தாண்டிய நிமிடமே அந்த விசா முடிந்துவிடும். திரும்பி வரப் புது விசா வேண்டும். சுற்றிப்பார்க்கப் போய் எல்லையில் எழுபது வயதுப் பெரியவர்கள் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது. அவர்களை வைத்துக்கொண்டு போவதென்றால் கோர்பக்கானும் கல்பாவுமே போதும்.

போனையும் கவனியுங்கள். திப்பா பக்கமும் ஹத்தா பக்கமும் கைபேசி தானாகவே ஓமான் டவரைப் பிடித்துக்கொள்ளும். டேட்டா ரோமிங்கை அணைத்துவையுங்கள். கோர்பக்கானுக்குப் பக்கத்தில் மத்ஹா என்ற ஓமான் ஊர் அமீரகத்துக்குள் தனித் தீவாக இருக்கிறது. அதற்குள்ளே நஹ்வா என்ற ஊர் மறுபடியும் ஷார்ஜாவுக்குச் சொந்தம். நாட்டுக்குள் நாடு, அதற்குள் மறுபடியும் முதல் நாடு. வரைபடத்தில் விரலை வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆனால் உங்கள் இன்ஷூரன்ஸ் அங்கே செல்லுமா என்பதைக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

தண்ணீர் வந்தால் விலகுங்கள்

பாலைவனத்தில் வெள்ளமா என்று சிரித்த காலம் போய்விட்டது. 2024 ஏப்ரல் 16-ஆம் தேதி அல் ஐன் பக்கத்தில் கத்ம் அல் ஷக்லா என்ற இடத்தில் ஒரு நாளுக்குள் 254.8 மில்லிமீட்டர் மழை. 1949-இல் பதிவு தொடங்கியதிலிருந்து அவ்வளவு மழை பெய்ததில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால் ஓமானில் வந்த வெள்ளத்தில் வண்டியோடு பள்ளிப் பிள்ளைகள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள்.

குளிர்காலம்தான் இங்கே மழைக்காலம். வறண்டு கிடக்கும் மலை ஓடைக்கு வாதி என்று பெயர். நிழல் இருக்கும், தட்டையாக இருக்கும், கூழாங்கல் அழகாக இருக்கும். பாய் விரிக்க இதைவிட நல்ல இடம் இல்லை என்று தோன்றும். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே இருபது கிலோமீட்டர் தள்ளி மலையில் பெய்த மழை அந்த ஓடையில் சுவர்போல இறங்கி வரலாம். பாறையில் தண்ணீர் ஊறி நிற்காது. மொத்தமும் ஓடிவரும்.

அதனால்தான் 2023-இல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். வெள்ளம் ஓடும் வாதிக்குள் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹம் அபராதம், 23 கரும்புள்ளி, 60 நாள் வண்டி பறிமுதல். மழை நேரத்தில் வாதி, அணைப் பக்கம் வேடிக்கை பார்க்கக் கூடினாலே 1,000 திர்ஹமும் 6 கரும்புள்ளியும். இருந்தும் ஒவ்வொரு மழைக்கும் வீடியோ வருகிறது. நம் ஆட்களும் அதில் இருக்கிறார்கள். ஓட்டல் அட்வான்ஸ் போனால் போகட்டும். வானிலை மையம் எச்சரிக்கை விட்டிருந்தால் மலைப் பக்கம் போகாதீர்கள். பயணத்தைத் தள்ளிப்போட்டதால் யாரும் செத்ததில்லை.

ஓட்டுகிறவர் யார்?

நம் குடும்பங்களில் வண்டி ஓட்டுவது பெரும்பாலும் அப்பா ஒருவர்தான். வாரம் முழுக்க ஷார்ஜா - துபாய் டிராஃபிக்கில் தினம் மூன்று மணிநேரம் ஓட்டிவிட்டு, சனிக்கிழமையும் அவரே ஓட்டுகிறார். அவருக்கு இது விடுமுறையா? வீட்டம்மாவிடம் லைசென்ஸ் இருந்தால் வண்டியை அவரிடம் கொடுங்கள். "அவளுக்கு மலை ரோடு பழக்கம் இல்லைங்க" என்று சொல்கிறவர்கள், எல்லோரும் ஒருநாள் பழகியதுதான் என்பதை நினைக்கவேண்டும். கோர்பக்கான் சாலை அகலமானது. பழக இதைவிட நல்ல மலைச்சாலை கிடைக்காது.

ஓட்டுகிறவர் ஒருவர்தான் என்றால் இருட்டுவதற்குள் ஓட்டத்தை முடித்துவிடுங்கள். டிசம்பரில் ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். கிழக்குக் கரையில் மலை மறைப்பதால் இன்னும் முன்னாலேயே நிழல் விழும்.

அடுத்தது பனிமூட்டம். குளிர்காலத்தில் அதிகாலையில் திடீரென்று முன்னால் போகும் வண்டி தெரியாது. 2008 மார்ச்சில் துபாய் - அபுதாபி நெடுஞ்சாலையில் பனிமூட்டத்தில் நடந்த தொடர் மோதலை இங்கே பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். மூட்டம் இருந்தால் கிளம்பாதீர்கள், ஒன்பது மணிக்குக் கிளம்பினால் ஒன்றும் குறைந்துவிடாது. நடுவழியில் மாட்டிக்கொண்டால் வேகத்தைக் குறைத்து இடைவெளி விடுங்கள். நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டுவது தவறு, அது நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கான அடையாளம். அபுதாபியில் மூட்ட நேரத்தில் வேக வரம்பு 80-க்கு இறங்கும். அங்கே பலகையில் உள்ள எண்ணுக்கு மேல் சலுகை கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். மற்ற எமிரேட்டுகளின் இருபது கிலோமீட்டர் சலுகையை அங்கே எதிர்பார்க்கக்கூடாது.

பிள்ளை விஷயத்தில்தான் நாம் ரொம்ப அலட்சியம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். 2017 முதல் இது சட்டம். முன் சீட்டில் உட்காரப் பத்து வயதும் 145 சென்டிமீட்டர் உயரமும் வேண்டும். பின் சீட்டிலும் எல்லோருக்கும் பெல்ட். "குழந்தை அழுவுது, மடியிலயே வச்சுக்கறேன்" என்று அம்மா சொல்வது பாசத்தில்தான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சட்டென்று நின்றால் அந்தப் பிடியில் குழந்தை நிற்காது. ஏழு பேர் வண்டியில் ஒன்பது பேரை அடைப்பதும் இதே கதைதான். ஊரில் ஷேர் ஆட்டோவில் போன பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். இந்த ஊர் வெயிலில் ஓடாத டயர்கூடக் கெட்டுப்போகும். ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். குடிதண்ணீர், மாத்திரை, டார்ச், கூடுதலாக ஒரு செட் துணி. போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998. ஓமானில் 9999.

சாப்பிட்ட இலையையும் பாட்டிலையும் ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விடுங்கள். வண்டியிலிருந்து குப்பை எறிந்தால் 1,000 திர்ஹம், 6 கரும்புள்ளி. அபராதத்தை விடுங்கள். மலையில் கிடக்கும் ஒரு சிப்ஸ் பாக்கெட்டில் தமிழ் எழுத்தைப் பார்க்கும்போது நமக்கே கூச்சமாக இருக்கிறது.

வண்டியில் ஒரு சீட் காலியா?

கடைசியாக ஒன்று. அமீரகத்தில் குடும்பத்தைக் கூட்டிவர ஒருவருக்குப் பொதுவாக மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும். தங்குமிடம் கம்பெனி கொடுத்தால் 3,000. அதற்குக் கீழே வாங்கும் நம் ஊர் ஆட்கள் எத்தனையோ பேர் சோனாப்பூரிலும் அல் கூஸிலும் முஸஃபாவிலும் கேம்ப்களில் இருக்கிறார்கள். கீழக்கரை, அதிராம்பட்டினம் பக்கம் சபராளி என்பார்கள். இருபது வருஷம் இங்கே இருந்தும் கேம்ப், சைட், ஏர்போர்ட் இந்த மூன்றைத் தவிர வேறு எதையும் பார்க்காதவர்கள் அவர்களில் உண்டு. அவர்கள் கட்டிய ரோட்டில்தான் நாம் சுற்றுலா போகிறோம்.

உங்கள் ஊர்க்காரர், தூரத்துச் சொந்தம், பழைய ரூம்மேட் ஒருவர் அப்படி இருப்பார். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு அவருக்கும் உண்டு. அந்த நாளில் கிளம்பும்படி தேதியை மாற்றி, "அண்ணே, நாளைக்குக் காலைல ரெடியா இருங்க, கோர்பக்கான் போறோம்" என்று ஒரு போன் போடுங்கள். காசு வாங்கி ஆள் ஏற்றுவது இங்கே குற்றம். நண்பரைக் கூட்டிப்போவதை யாரும் தடுக்கவில்லை. ஊரில் விட்டுவந்த தன் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு உங்கள் பிள்ளைகளோடு அவர் மணலில் வீடு கட்டி விளையாடுவார். வண்டியே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. துபாய் யூனியன் நிலையத்திலிருந்து ஃபுஜைராவுக்கு இ700 பஸ் போகிறது.

வளைகுடாக் குடும்பத்தின் காலம் கடன் வாங்கிய காலம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளை கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ காலேஜுக்குப் போய்விடும். வேலை போனால் எல்லோரும் பெட்டி கட்டவேண்டும். "இன்னும் ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் நிதானமா சுத்திப் பார்க்கலாம்" என்று சொல்லிச்சொல்லியே பத்து வருஷம் போனவர்கள் நம்மில் நிறையப் பேர். மார்ச் வந்தால் பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வு. ஏப்ரல் முடிந்தால் வெயில். கையில் இருப்பது இந்த ஒன்பது, பத்து வார இறுதிகள்தான். காலண்டரை எடுத்து, அதில் ஒன்றை இன்று ராத்திரியே வட்டம் போடுங்கள்.